அப்பா ஏறாத ஸ்கூட்டர்

முதல் வீடியோ வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்திருந்தது. ஒரகடம் கூட்ரோட்டில், புதுக் கார்களை ஏற்றிய நீளமான லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகராமல் நின்றது. பக்கத்து சீட்டுப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போனைத் திறந்தேன். ஒரு ஏரி தெரிந்தது. கரை முழுக்க உயரமான மரங்கள். ஏரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. தண்ணீரை ஒட்டி ஒரு ஓடுபாதை எதிரே வந்தது. சக்கரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அடுத்த காட்சியில் என் தங்கை ஒரு மர மேசையில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: 'சாப்பிட வந்தேன்க்கா. நானே ஓட்டிக்கிட்டு வந்தேன்.'

கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு போனைப் பைக்குள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். வடக்குப்பட்டில் இறங்குவதற்குள் எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் காட்டினேன். அவர் டயர் கம்பெனியில் வேலை செய்கிறவர், எதற்கும் அதிகமாக ஆச்சரியப்படமாட்டார்.

"சாப்டறதுக்கா பிளேன்?" என்றார்.

அங்கே அப்படி ஒரு பழக்கம் உண்டாம். சின்ன விமானம் ஓட்டப் படித்தவர்கள் லீவு நாளில் ஏறிக்கொண்டு, ஏரிக்கரையில் ஓடுபாதை இருக்கிற ஊராகப் பார்த்துப் போய் இறங்குவார்களாம். பக்கத்திலேயே ஓட்டல் இருக்குமாம். சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, திரும்பிப் பறந்து வந்துவிடுவார்களாம். தங்கை சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"நாம பைபாஸுக்குப் போய் பிரியாணி துன்னுட்டு வர்றோம்ல, அந்த மாதிரிதான். இதுல இன்னா கீது" என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார். அது எனக்கும் தெரிந்தது. தேற்ற வேண்டிய முகத்தோடு நிற்கிறேனே என்று அதனாலேயே இன்னும் எரிச்சலாக வந்தது.

நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். பேர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. பிறந்தது மண்ணூரில். அப்பா டிராக்டர் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் டிப்ளமோ முடித்தவுடன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். இப்போது அங்கே தர சோதனைப் பிரிவில் சூப்பர்வைசர். சின்னவள் இன்ஜினியரிங் படித்து, மேல்படிப்புக்கு அமெரிக்கா போய், வடக்கே ஏரிகள் நிறைந்த ஒரு மாநிலத்தில் வேலையில் அமர்ந்தாள்.

அவள் போனபோது எனக்குப் பொறாமை வரவில்லை. வீடு வாங்கியபோதும் வரவில்லை. கார் வாங்கினாள், எங்களிடம் பழைய கார் ஒன்று இருந்தது. அவளுக்குச் சம்பளம் உயர்ந்தது, எனக்கும் கொஞ்சம் உயர்ந்தது. அவள் வாழ்க்கையில் நடக்கிற எதற்கும் என் பக்கத்தில் வைத்துக் காட்ட ஏதோ ஒன்று, சிறியதாகவாவது, இருந்துகொண்டே வந்தது. விமானத்துக்கு மட்டும் எதிரே வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்பா அந்த வீடியோவை மண்ணூர் முழுக்கக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். சபைப் போதகர் ஐயர் அதற்காக ஸ்தோத்திர ஜெபமே செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். அடுத்த வாரம் தொழிற்சாலையில், தென்காசிப் பக்கமிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் என்னிடம் வந்து, "அக்கா, ஒங்க தங்கச்சி பிளேன் ஓட்டுதாகளாமே, நெசமா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். அவள் என்னை வேறு மாதிரிப் பார்த்தாள். பத்து வருடமாக அந்த லைனில் நான் சம்பாதித்த மரியாதையைவிட அந்தப் பார்வையில் மரியாதை அதிகம் இருந்தது. அதுவும் எனக்கு உரியதில்லை.

இவ்வளவும் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான். தாங்க முடியாதது அப்பா அந்த விமானத்தில் ஏறியது.

அதற்கு என் ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி பஸ் ஷிப்ட் நேரத்துக்கு மட்டும்தான் வரும். அதனால் அதை வாங்கினேன். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மழையிலும் வெயிலிலும் ஓட்டுகிறேன். இதுவரை விழுந்ததில்லை. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். அப்பா மட்டும் ஏறமாட்டார். முட்டி வலிக்கு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால், நான் வாசலில் வண்டியோடு நின்றாலும், அவர் ஹைவே வரை நொண்டி நடந்து போய் ஷேர் ஆட்டோ பிடிப்பார்.

"ரோட்ல வர்றவன நம்ப முடியாது. உனக்கு பேலன்ஸ் போய்டுச்சுனா?" என்பார்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சரக்கைத் தூக்கி வைத்தவர் அவர். வேறொருவர் முதுகுக்குப் பின்னால் சரக்கு மாதிரி உட்கார அவருக்கு மனசு வராது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் மழையில் அவர் ஆட்டோ பிடிக்க நனைந்துகொண்டே நடந்தார். நான் அவர் பக்கத்தில் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே போனேன். அப்போதும் ஏறவில்லை. அதன்பிறகு நான் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

போன கோடையில் சின்னவள் அப்பாவையும் அம்மாவையும் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டாள்.

அன்று எனக்கு இரண்டாவது ஷிப்ட். லைனுக்குள் போன் கூடாது. சாயங்கால டீ நேரத்தில்தான் லாக்கரிலிருந்து எடுப்போம். எடுத்த கையோடு சின்னவளிடமிருந்து வீடியோ கால் வந்தது. இங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அங்கே காலை. திரையில் அப்பா. பின்னால் ஏரி, அதன் ஓரத்தில் வெள்ளை விமானம். அவருடைய நரைத்த முடி தலையில் ஒட்டிக் கிடந்தது. காதுக்கு மாட்டிய கருவி அழுத்திய தடம்.

"எங்க இருக்கோம் சொல்லு," என்றார் அப்பா. "டிபன் சாப்ட பிளேன்ல வந்துகீறோம். நான் முன் சீட்டு, சின்னவ பக்கத்துல."

அம்மா போனைப் பிடுங்கினாள். "ஏறர்துக்கு முன்ன எட மெஷின்ல நிக்க வச்சா இவ. எவ்ளோ எடை, பையில இன்னா கீதுன்னு கணக்கு. மூட்டைய ஏத்தற மாதிரி. நான் கண்ணையே தொறக்கல, சங்கீதம் சொல்லிகினே வந்தேன்."

"பயமே இல்ல," என்றார் அப்பா, மறுபடியும் திரைக்குள் வந்து. அவர் முன்னால் தேன் ஊற்றிய தடித்த தோசை மாதிரி ஏதோ இருந்தது. "சின்னவ கை அவ்ளோ நிதானம். நம்பி உக்காரலாம்."

நம்பி உட்காரலாம். என் கையிலிருந்த டீ ஆடை கட்டிப் போயிருந்தது. பிரேக் முடிந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பிரேக் முடிந்திருக்கவில்லை, இன்னும் நேரம் இருந்தது.

அதன்பிறகு லைனில் என் கண்ணுக்கு எல்லாமே குறையாகப் பட்டது. கீறல், நிறம் மங்கல், மூடி சரியாக உட்காரவில்லை என்று ஒவ்வொரு சார்ஜராகச் சிவப்புத் தட்டில் ஒதுக்கினேன். தட்டு நிரம்பியதும் லைன் லீடர் வந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், இதுல இன்னா ஃபால்ட்டு?"

நானும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி சோதித்து நல்ல தட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கு உடம்பு சரியில்லை என்று அவன் நினைத்திருப்பான்.

அவர்கள் திரும்பி வந்ததும் மண்ணூருக்குப் போனேன். ஹாலில் அப்பா பக்கத்து வீட்டுக்காரருக்கு விமானம் ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குள் போய், காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா பக்கத்தில் நின்றேன்.

"எப்டிம்மா ஏறினாரு இவரு?" என்று கேட்டேன்.

அம்மா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஏறினாரு. நாங்க போய் எறங்கின நாள்லேர்ந்து அவ கூப்ட்டுகினே இருந்தா. எனக்கு வாணாம், தரையில இருக்கேன்னாரு. கடைசில அவளுக்கு அழுகை வந்துடுச்சு. ரூமுக்குள்ள போய் கதவ சாத்திகினா. சாப்டக்கூட வரல. மறுநாள் காலைல பாத்தா இவரே பேண்ட் சட்டை போட்டுகினு ஷூவோட நிக்கறாரு. திரும்பி வர்றப்போ பையில வாந்தி எடுத்தாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு."

வாந்தி எடுத்தார் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயமில்லாமல் ஏறியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பயந்துகொண்டே, அவள் கதவைச் சாத்திக்கொண்டாள் என்பதற்காக ஏறியிருக்கிறார். நான் கதவைச் சாத்திக்கொண்டதே இல்லை. வேண்டாம் என்றால் சரி என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். அதனால் இவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போகும்வரை காத்திருந்தேன். பிறகு ஹாலுக்கு வந்தேன்.

"நாளைக்குக் காலைல ஸ்ரீபெரும்புதூர்ல டிபன் சாப்டப் போறோம்பா. நீயும் நானும். என் வண்டில."

அப்பா டிவி ரிமோட்டைத் தேடினார். "பஸ்ல போலாமே."

"வண்டில."

"ரோடு சரியில்லம்மா. லாரிக்காரன்…"

"ரோடு எனக்குத் தெரியும். தெனம் அதுலதான் போறேன். நீ எறங்க வழியே இல்லாத வண்டில ஏறி வானத்துல போன. என்னுது தரையில போற வண்டிதான். புடிக்கலன்னா ஓரமா நிறுத்தச் சொல்லி எறங்கிடு."

அவர் ரிமோட்டைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவ அழுதாம்மா" என்றார்.

"நானும் அழணுமா?"

என் குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அழவில்லை, ஆனால் அழாமலிருக்க என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஹெல்மெட் இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் நான் கொண்டுவந்த என் கணவருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். வியர்வை நாற்றம் அடிக்கிறது என்று தெருமுனை தாண்டும் முன்பே குறை சொன்னார். இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்திருந்தார். அவர் உடம்பு விறைத்திருந்தது வண்டியிலேயே தெரிந்தது. ஹைவேயில் ஏறியதும் பேச ஆரம்பித்தார். "லெப்ட்ல பஸ் வர்றான். பிரேக்கு. பிரேக்கப் புடி. அவன் போவட்டும் விடு." வழி முழுக்க நிறுத்தவில்லை. இறங்குகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

கோயில் தெருவுக்குப் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் மேசையெல்லாம் நிறைந்திருந்தார்கள். அப்பா பொங்கலும் வடையும் சாப்பிட்டார், காபியை இரண்டு தடவை வாங்கினார். காபியை ஆற்றிக்கொண்டே, "பள்ளம் வர்றத முன்னாடியே பாத்துடற நீ," என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வந்து வாசலில் இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார்.

"சும்மா, டிபனுக்கு" என்றார் அப்பா, ஹெல்மெட்டைக் கழற்றியபடி. அடுத்த வாக்கியத்திலேயே, "அன்னிக்கு ஏரிக்கரையில சாப்டோமே, தேன் ஊத்தி ஒண்ணு குடுத்தான்…" என்று ஆரம்பித்துவிட்டார். நான் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டு அதைக் கேட்டேன். முதுகில் இன்னும் அவர் உட்கார்ந்திருந்த கனம் இருந்தது. மனசு என்னவோ பழையபடியே எரிந்தது.

ஆனால் அடுத்த லீவுக்கு நான் போனபோது அவருக்கென்று ஒரு புது ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. அதிலிருந்து எனக்கு லீவு இருக்கும் நாட்களில் காலையில் கிளம்புகிறோம். என் வண்டியில் வருவதைப் பற்றி அவர் யாரிடமும் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லுவார் என்று நான் இன்னும் எதிர்பார்க்கிறேன்.

சின்னவள் நிறுத்தவில்லை. இந்தக் குளிர்காலத்தில், உறைந்துபோன ஏரியின் மேலேயே ஓடுபாதை போட்ட ஓர் ஊருக்குப் போய் இறங்கி, சூடாகச் சூப் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த வீடியோ வந்தபோது நானும் அப்பாவும் இட்லிக்குக் காத்திருந்தோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை முகத்தருகே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஐஸ் மேல எறக்கறா பாரேன்" என்றார்.

"ம்."

"சறுக்காது?"

"அவகிட்டயே கேளு."

இட்லி வந்தது. அவர் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார்.

"போன வைப்பா," என்றேன். "என்கூட சாப்ட வந்துகீற."

அவர் என்னைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சர்வரைக் கூப்பிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு வடை சொன்னார்.