என் பெயரில் நிறுத்தப்படும் ரிப்போர்ட்டுகள்

இதுவரை வாயைத் திறக்காமல் இருந்தது போதும்.

மாத்தளை டவுனில் ஒரு தனியார் லேபில் பத்தொன்பது வருடம் ரத்தப் பரிசோதனை செய்தவன் நான். லேபின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போது யட்டவத்தயில் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். (படித்தது வீண் போகவில்லை என்கிறாள் மனைவி. சரி.)

கடைசி வருடத்தில் முதலாளி ஒரு புதிய மெசின் இறக்கினார். ரத்தக் குழாயை வைத்தால் போதும். அதுவே பரிசோதித்து, முடிவைச் சரிபார்த்து, ரிப்போர்ட்டையும் அனுப்பிவிடும். ஆனால் சரிபார்ப்பதை அது ஒரு மனிதனிடமிருந்து படிக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் என்னிடம் சொன்னார்:

"சேர், நீங்க வழக்கமா செய்றத செய்ங்க. எதை உடனே விடுறீங்க, எதை மறுபடி பாக்கணும்னு நிப்பாட்டுறீங்கன்னு இது பாத்துக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான்."

ஆறு மாதம் பார்த்தது.

ஏழாம் மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, இனி வர வேண்டாம் என்றார்.

நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. (கோபம் இல்லையென்று அர்த்தமில்லை.)

பல்லேபொலயில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருக்கிறார். சீனி வருத்தம், ரத்தத்தில் சீனி பார்க்க மாதம் ஒருமுறை லேபுக்கு வருவார்.

எனக்கு இருபத்திரண்டு வயதில், அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க அவருடைய நற்சான்றிதழ் தேவைப்பட்டது. "நாளைக்கு வா, நாளைக்கு வா" என்று மூன்று வாரம் நடக்கவிட்டார். முடிவுத் திகதி போய்விட்டது.

அவருக்கு அது நினைவிலேயே இல்லை. எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை.

ஆகவே அவர் வரும்போதெல்லாம் அவருடைய ரிப்போர்ட்டை நிறுத்தி வைப்பேன். முடிவில் கை வைத்ததில்லை. சும்மா ஒரு மணித்தியாலம் பெஞ்சில் உட்கார வைப்பேன். நிறுத்தினால் காரணம் எழுதாமல் கம்ப்யூட்டர் விடாது. அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பேன்.

மெசின் அதையும் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் விலகி ஒரு வருடம் கழித்து, ஒரு மத்தியானம் லேபைத் தாண்டிப் போகும்போது அவர் பெஞ்சிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கதானே முந்தி இங்க இருந்தவரு?"

"ஆமாங்க சேர்."

"நீங்க இருக்கும்போது ஒரு மணித்தியாலத்துல கைக்கு வந்துரும். இன்னைக்கு வீட்டுக்காரிக்கு எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தாங்க. மணி ரெண்டாகுது. நாலு நாளா காய்ச்சல், எந்திரிக்கவே மாட்டேங்கிறா. வீட்டுல படுக்க வச்சிட்டு வந்து குந்தியிருக்கேன்."

"உள்ள கேட்டீங்களா?"

"கேட்டேன். மெசின் நிப்பாட்டி வச்சிருக்காம்." சிரித்தார். "எங்க வீட்டு ஆளுங்கன்னா அதுக்கு ஆகாது போல தம்பி."

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

உள்ளே கவுண்டரில் சியாமளா. என்னோடு பல வருடம் வேலை செய்தவள்.

"அவங்க வீட்டுது எப்பவும் அப்படித்தாண்ணே. அவரு வந்தா நிக்கும். மகன் வந்தா நிக்கும். இப்ப அந்தம்மாவுக்கும் நிக்குது. மொதல்ல பதறிப்போய் ரத்தத்தைக் கையால மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், ஒன்னும் இருக்காது. இப்ப யாரும் பாக்குறதில்ல. தானா விட்டுரும்."

அந்த வீட்டில் எல்லாரையும் ஒரே போன் நம்பரில்தான் பதிந்திருந்தோம். மெசின் ஆளையல்ல, அந்த நம்பரைத்தான் படித்திருக்கிறது.

"தெறந்து காட்டுங்க."

"நிப்பாட்டினத நாங்க தெறக்க ஏலாது. ஒங்க பாஸ்வேர்டுக்குத்தான் தெறக்கும்."

"நான் போய் ஒரு வருஷமாச்சே, சியாமளா."

"நீங்க எங்கண்ணே போனீங்க? மெசின் இன்னும் ஒங்க கணக்குலதான் ஓடுது, தெனமும் ஒங்க பேருதானே வருது."

திரையில் வரிசையாக இருந்தது. நான் விலகிய பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த ஒவ்வொரு ரிப்போர்ட்டும். நிறுத்தியவர் என்ற இடத்தில் என் பெயர். காரணம் என்ற இடத்தில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே ஒரு புள்ளி. அதற்கும் கீழே ஒன்று.

பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்தது.

டெங்கு. பிளேட்லட் பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. காலை ஒன்பதரைக்கே மெசினுக்கு அது தெரியும். அத்தனை ஆபத்தான முடிவை எவர் வீட்டுக்கென்றாலும் அது நிறுத்தும், தானாக விடாது. வேறு வீடாக இருந்திருந்தால் சியாமளா ஓடிப்போய் ரத்தத்தை மறுபடி டெஸ்ட் பண்ணியிருப்பாள். இந்த வீடு என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே ஓடினேன்.

"சேர், மகனுக்கு கோல் எடுங்க. இந்த நிமிஷமே அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க."

அவர் உடனே மகனுக்கு எடுத்தார். பேசி முடித்ததும் என் கையைப் பிடித்தார்.

"நல்ல காலம் தம்பி, நீங்க இந்தப் பக்கம் வந்தீங்க."

அந்த அம்மா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துவிட்டார்.

இன்ஜினியருக்கு போன் செய்தேன்.

"அப்படி ஒரு ரூல் நாங்க எழுதவே இல்ல சேர். அது ஒங்ககிட்ட படிச்சது. எந்த எடத்துல இருக்குன்னு எங்களுக்கே காட்ட ஏலாது."

"அப்ப அழிச்சிருங்க."

"அழிச்சா மொத்தமா அழிக்கணும். இப்ப இன்னும் நாலு லேப்ல இதே தானே ஓடுது. சும்மா சொல்லல சேர், ஒங்க தீர்ப்பு நல்ல தீர்ப்பு."

அன்றிலிருந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில் வேறு யார் யாரை முறைத்துக்கொண்டு நிறுத்தினேன்? மதில் தகராறு செய்த பக்கத்து வீட்டுக்காரன். ஒரு பழைய வகுப்புத் தோழன். பிறகு, பிடித்தவர்கள் என்று சரியாகப் பார்க்காமலே விட்ட ரிப்போர்ட்டுகள். அவற்றையும் அது படித்திருக்கும். யாரென்று எனக்கே முழுதாக நினைவில்லை. அதற்கு இருக்கும்.

முதலாளியிடம் சொன்னேன். வேலை போன ஆத்திரம் என்றார்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். ரிப்போர்ட்டை மெசின் நிறுத்தி வைத்திருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். ஒரு மனிதனை அழைத்து மறுபடி டெஸ்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே வந்தாலும் ஒருமுறை கேளுங்கள்.

பெயரைப் போட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதிபரும் இந்த ஃபேஸ்புக் குழுவில் இருக்கிறார். போன கிழமை ஒரு பை ரம்புட்டானோடு வீட்டுக்கு வந்து, "நீங்க இல்லாட்டி" என்று தொடங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சான்றிதழ் விசயத்தில் அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னை அவர் மன்னிக்க வேண்டுமென்று கேட்கவும் இல்லை.

கீழே 'பெயரைக் காட்டாமல் பதிவிடு' என்று இருக்கிறது. அதையே அழுத்துகிறேன். மற்றவர்களுக்கு என் பெயர் தேவையில்லை. வாசித்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.