பீர் மைதீன் கொழும்பில் பார்த்தது

மேலப்பாளையத்தில் அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போய் வந்தவர்களுக்குக் குறைவில்லை. போய் வந்த ஒவ்வொருவரும் ஒரு வாரமாவது தெருவில் நின்று மணிக்கூண்டையும் டிராம் வண்டியையும் கடற்கரைப் புல்வெளியையும் பற்றி அளப்பார்கள். என் தாய்மாமா பீர் மைதீனும் ஒருமுறை போனார். காலையில் இறங்கி, அன்று மாலையே திரும்பக் கப்பல் ஏறிவிட்டார். மணிக்கூண்டின் அடியிலேயே ஓடியிருக்கிறார், ஆனால் அது எத்தனை உயரம் என்று கேட்டால் தெரியாது என்பார். இதை வைத்து எங்கள் குடும்பத்தில் அவரைச் செய்யாத கேலி இல்லை. நானும் செய்திருக்கிறேன். விஷயம் முழுவதும் தெரிந்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

மாமா நெசவாளி. கொழும்புக்குப் போகிற சாரம் நெய்தார். கைலியைத்தான் எங்கள் பக்கத்தில் சாரம் என்போம். நீலமும் வெள்ளையுமாகக் கட்டம், ஓரத்தில் இரண்டு சிவப்புக் கோடு. நீல நூலைச் சாயம் போட்டே முதலாளி தாஜ் முகம்மது கொடுத்துவிடுவார். சிவப்பு மட்டும் வீட்டில் மாமி போடுவது. மாமியின் பெயர் சித்தி ஜனாபா. சாயவேரை இடித்து, ஊறவைத்து, நூலை நாள்கணக்கில் முக்கிக் காயவைத்து அவள் எடுக்கிற சிவப்பு தெருவில் வேறு வீட்டில் கிடையாது. மணிக்கட்டு வரை கை எப்போதும் சிவந்தே இருக்கும். பெருநாளைக்கு மருதாணி வைக்க வேண்டிய அவசியம் மாமிக்கு இருந்ததே இல்லை.

அந்த இரண்டு சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் மாமா ஒற்றை மஞ்சள் இழை ஓட்டுவார். யாரும் கேட்டு வைத்ததல்ல. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், எங்கேயாவது ஒரு கையெழுத்துப் போட ஆசைப்பட்டிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஐந்தாம் ஜார்ஜுக்கு டில்லியில் முடிசூட்டிய மறுவருஷம் முதலாளியின் தம்பி கொழும்பிலிருந்து ஒரு புகாரைக் கொண்டுவந்தான். மேலப்பாளையத்துச் சாரத்தில் சாயம் ஓடுகிறதாம். கூடப் போட்ட துணியெல்லாம் கெட்டுப்போகிறது என்று வாங்கினவர்கள் திட்டுகிறார்களாம். தாஜ் முகம்மது கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர். நீலம் டப்பாச் சாயம், சீமையிலிருந்து வருவது, அது ஓடாது, அப்படியானால் ஓடுவது வீட்டுச் சாயம்தான் என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதுவும் எப்படி? நூல் வாங்க நின்ற நெசவாளிகள் அத்தனை பேர் முன்னாலும், பீர் மைதீன் பெண்டாட்டி சாயம் ஓடுது என்று பெயரைச் சொல்லியே சொன்னார். இனிமேல் மாமாவுக்கு வண்ணச் சாரம் கிடையாது, வெள்ளைத் துண்டு நெய்தால் போதும் என்றும் சொன்னார்.

மாமா சும்மா இருக்கவில்லை. மறுநாளே ஒரு புதுச் சாரத்தைக் கொண்டுபோய், முதலாளியை வாய்க்கால் கரைக்கு அழைத்து, அவர் கண் முன்னாலேயே துவைத்துக் காட்டினார். தண்ணீரில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை, நீலமும் இல்லை. முதலாளி அதற்கும் பதில் வைத்திருந்தார். இது தாமிரபரணித் தண்ணி, இதில் நிற்கும். கொழும்பு உப்புக்காற்றிலும் வேர்வையிலும் ஊறிய துணியைக் காட்டு, அப்போது பேசலாம் என்று எழுந்து போய்விட்டார்.

மாமி அழவில்லை. சண்டைக்கும் போகவில்லை. வெளியே வரும்போது கையிரண்டையும் மேலே போர்த்திய துப்பட்டிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதுகூடத் துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கினாள். தெருவே பார்த்துப் பொறாமைப்பட்ட கை அது. அதைத் திருட்டுச் சாமானைப் போல அவள் ஒளித்துவைப்பதை மாமாவால் தாங்க முடியவில்லை. ஒருநாள் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, கொழும்புக்குப் போயிட்டு வாரேன் என்றார். மாமி எதற்கு என்று கேட்கவில்லை. கப்பல் செலவு எங்கிருந்து வந்தது என்று ஊரிலும் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாமியின் காதைப் பார்த்தாலே தெரிந்தது.

தூத்துக்குடிவரை ரயில், அங்கே டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், அப்புறம் ராத்திரி முழுவதும் கப்பல் தளத்தில் வாந்தி. கொழும்பில் இறங்கும்போது மாமாவின் கையில் ஒரு மூட்டை. அதில் மாமி கட்டிக் கொடுத்த அரிசிமாவு ரொட்டியும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புதுச் சாரமும் இருந்தன. மாலைக் கப்பலுக்குள் தேடி முடித்தாக வேண்டும். தங்கிப் பார்க்க வழியில்லை.

முதலில் புறக்கோட்டைக் கடைகளில் கேட்டார். எங்கள் ஊர்ச் சாரம் அங்கே அடுக்கடுக்காக இருந்தது. ஆனால் எல்லாம் புதுசு, மடிப்புக் கலையாதது. அதை வைத்து என்ன செய்ய? அவருக்கு வேண்டியது இடுப்பில் கிடக்கிற சாரம். அதனால் தெருவுக்கு வந்து இடுப்புகளைப் பார்க்க ஆரம்பித்தார். வெயில் என்றால் நம் ஊர் வெயில் இல்லை, புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மாட்டுவண்டி, ரிக்‌ஷா, மூட்டை சுமப்பவர்கள், சிங்களவர், மலாய்க்காரர், நம்மவர் என்று அத்தனை கூட்டம். மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. இடுப்பு முதல் கால்வரைதான் அவருக்குக் கொழும்பு.

சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாகக் கட்டிய புதுப் பள்ளிவாசல் ஒன்று அங்கே இருக்கிறது. ஊரிலிருந்து போகிற எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிற கட்டடம். மாமா நண்பகல் லுஹர் தொழ உள்ளே போனார். வரிசை வரிசையாக நூறு சாரம். நெற்றியைத் தரையில் வைக்க ஸுஜூதுக்குக் குனியும்போது முன்வரிசைக்காரரின் ஓரம் அவர் கண்ணுக்கு நேரே வந்தது. பார்த்துவிட்டார். தப்புத்தான், அதற்காகத் தனியே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாராம். அங்கேயும் மஞ்சள் இழை இல்லை.

வெளியே வந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி நின்றார். வேறு ஆளாக இருந்தால் அந்த நேரத்துக்கு மனசு விட்டுப் போயிருக்கும். ஒரு பட்டணம் நிறைய இடுப்பு, அதில் தன் தறியில் வந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நான் ஒருமுறை அவரிடம் கேட்டேன். கண்டுபிடிக்காம எப்படி வீட்டுக்குப் போக என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்கள் குடும்பத்துப் பிடிவாதம் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

அப்போதுதான் ஓர் அரிசி மூட்டை அவரைத் தாண்டிப் போனது. சுமந்தவனின் முழங்காலில் ஓரம் ஆடியது. சிவப்பு, மஞ்சள், சிவப்பு. மாமா ரொட்டியைப் போட்டுவிட்டு, தன் மூட்டையை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். நன்றாகப் பார்க்க வேண்டுமே என்று குனிந்துகொண்டே போனார். சுமந்தவன் திரும்பிப் பார்த்தான். ஊர்ப்பக்கத்து ஜாடையில் ஒருவன் குனிந்து தன் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டு வருகிறான். மூட்டையைத் தொப்பென்று இறக்கிப் போட்டுவிட்டு அவன் ஓட ஆரம்பித்தான்.

மாமாவும் ஓடினார். அவன் ஏன் ஓடுகிறான் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நின்றால் சாரம் போய்விடும். சந்துகளில் புகுந்து, டிராமுக்குக் குறுக்கே பாய்ந்து, வண்டிக்காரனிடம் புரியாத பாஷையில் வசை வாங்கி, கோட்டைக்குள் வெள்ளைக்காரர் கடைகளைத் தாண்டி ஓடினார்கள். மணிக்கூண்டைக் கடந்தது அப்போதுதான். அதன் உச்சியில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கும் உண்டு. நான் பிற்காலத்தில் போய் அதன் அடியில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்திருக்கிறேன். என்ன பிரயோஜனம், மாமா கண்டதில் பாதிகூட நான் காணவில்லை.

கோட்டையைத் தாண்டினால் காலிமுகத்திடல். ஒருபக்கம் கடல், மறுபக்கம் புல்வெளி. ஒளிய ஒரு மரம் இல்லை. ஓடினவனுக்கு அங்கே மூச்சு முட்டிவிட்டது. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றான். மாமாவுக்கும் அதற்கு மேல் முடியவில்லை, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எறியணும்னா எறியும்வே. என்னால எந்திரிக்க முடியாது. நான் மேலப்பாளையத்து நெசவுக்காரன். நீரு கெட்டியிருக்க சாரம் நான் நெய்தது. அதோட ஓரத்தை ஒருதடவ பாத்துக்கிடுதேன், அம்புட்டுதான்."

உலகத்தில் தோட்டக் கூலிகளை மேய்க்கும் எந்தக் கங்காணியின் ஆளும் இப்படி ஒரு பொய்யை யோசித்திருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பைய கிட்டே வந்தான், கல்லை மட்டும் கீழே போடவில்லை. பெயர் சுடலையாண்டி, வள்ளியூர்ப் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் கொடுமை தாங்காமல் இரண்டு வருஷத்துக்கு முன் மலையிலிருந்து ஓடிவந்தவன். அப்படி ஓடினவர்களைப் பிடித்துக்கொண்டு போகக் கங்காணிகள் பட்டணத்துக்கு ஆள் அனுப்புவார்கள், பிடிபட்டால் ஜெயில். மாமாவை அப்படி ஓர் ஆள் என்று நினைத்துத்தான் ஓடியிருக்கிறான். பட்டணத்தானைப் போலத் தெரியட்டும் என்று, வந்த வாரமே வாங்கிய சாரம் அது. அன்று முதல் அதைத்தான் உடுத்திக்கொண்டு துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறான்.

மாமா முழங்காலில் நின்று ஓரத்தைக் கையில் எடுத்தார். துரைசானிகள் காற்று வாங்க வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்கள் என்ன நினைத்தார்களோ. வெள்ளைக் கட்டம் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை, எல்லாம் மங்கின நீலம். சிவப்பு தறியிலிருந்து இறங்கிய அன்று இருந்தபடியே இருந்தது. மாமா எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார், மூட்டையிலிருந்த புதுச் சாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"செவப்புக்கு ஒண்ணும் ஆவலவே. நீலந்தான் மொத மாசத்து வேர்வையிலயே எறங்கிட்டு. கூட நனைச்ச துண்டெல்லாம் நீலமாப் போச்சு" என்றான் சுடலையாண்டி.

மாமா அங்கேயே அழுதார். இதை அவரே வெட்கப்படாமல் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

புதுசைக் கொடுத்துப் பழசைக் கேட்டபோது சுடலையாண்டிக்குப் பழையபடி சந்தேகம் வந்துவிட்டது. எந்த மடையன் புதுசுக்குப் பழசு மாற்றுவான்? மாமா தன் மனைவியின் பெயர் கெட்ட கதையை முழுவதும் சொன்ன பிறகுதான் அவன் கல்லைப் போட்டான். ஆனாலும் புதுச் சாரத்தின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதிலும் மஞ்சள் இழை கிடக்கிறதே, இதை வைத்து இன்னொருவன் தன்னைக் கண்டுபிடிக்க மாட்டானா என்று கேட்டான்.

"இந்த இழைய எனக்குத் தெரியும், எம் பெண்டாட்டிக்குத் தெரியும், அல்லாவுக்குத் தெரியும். மூணு பேரும் ஒம்மக் காட்டிக் குடுக்க மாட்டோம்" என்றார் மாமா.

கடற்கரைச் சுவருக்குக் கீழே இறங்கிச் சாரத்தை மாற்றிக்கொண்டு வந்தான் சுடலையாண்டி. தன்னைப் பார்த்ததாக ஊரில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். மாமா அவன் உயிரோடு இருந்த காலம்வரை சொல்லவில்லை. ஓடிவந்த வழியிலேயே திரும்ப ஓடி, கடைசிப் படகில் கப்பலைப் பிடித்தார்.

ஊர் வந்து சேர்ந்ததும் தெருவே கூடிவிட்டது. டிராம் ஏறினாயா, கறுவாத்தோட்டம் பார்த்தாயா, மணிக்கூண்டு எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை, தெரியாது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்ப் பழைய சாரத்தை மாமி கையில் கொடுத்தார். மாமி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள். துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

பெண்கள் கடைத்தெருவில் கால் வைக்காத காலம். மாமி நேராகத் தாஜ் முகம்மதுவின் கடைக்குப் போய் அவர் முன்னால் சாரத்தை விரித்தாள். மாமா இரண்டடி பின்னால் நின்றார். முதலாளி சாரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தானே நனைத்துக் கசக்கினார். கடைசியில் தலையைத் தூக்காமல், நீலம் நான் கொடுத்த நூல்தான் என்றார். நாளையிலிருந்து பீர் மைதீன் வண்ணச் சாரமே போடட்டும், நூலை எடுத்துக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார். மாமி நகரவில்லை.

"ஓடுதுன்னு இங்கன வச்சுத்தான் சொன்னீங்க. ஓடலன்னும் இங்கன வச்சே சொல்லுங்க."

நூலுக்காக நின்ற நெசவாளிகள் எல்லோரையும் அவர் கிட்டே கூப்பிட்டார். சித்தி ஜனாபா சாயம் ஓடவில்லை, ஓடியது என் நூல், நான் சொன்னது தப்பு என்று பெயரைச் சொல்லியே சொன்னார். அந்த மட்டில் அவரும் நேர்மையான ஆள்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் மாமி கேட்டாளாம், "அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்திருக்கீங்க, கொழும்புல வேற என்னதான் பாத்தீங்க?"

"வேற ஒண்ணும் பாக்கல. ஒன் செவப்பத்தான் பாத்தேன்."

 தெரு முழுவதும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மாமி கையிரண்டையும் துப்பட்டிக்கு வெளியே வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தாள்.