பாதியில் நின்ற கை

ஒரு மருத்துவமனையின் பில் பிரிவில் நாள் முழுக்க எண்களைத் தட்டிக்கொண்டிருப்பவளை எல்லாரும் பில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் வந்து உட்கார்ந்தவள், மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதன் உயரத்தை ஏற்றி இறக்கும் பிடி உடைந்து, இருக்கை கீழே இறங்கியது எந்தக் காலத்திலோ. மேசை அவள் நெஞ்சுவரை வந்து நிற்கும். தோளைத் தூக்கிக்கொண்டே தட்டித் தட்டி, வலது தோள் இறுகிவிட்டது. கை காதுக்கு மேல் போகாது. இப்போதெல்லாம் பஸ் ஓட்டும் புருஷன்தான் காலையில் அவளுக்குச் சடை பின்னிவிடுகிறார்.

"என் டிரைவர் சீட்டுகூட மேல கீழ போகுது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில ஒரு நாற்காலிக்கு வக்கில்லையா?" என்று ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு திட்டு விழும்.

கீழ்த்தளத்தில் இருந்த பிசியோதெரபிஸ்ட் நல்ல பெண். மணிக்கொரு தடவை எழுந்து கழுத்தைச் சாய்க்கவும், தோளைப் பின்பக்கமாகச் சுழற்றவும், மணிக்கட்டை நீட்டி மடக்கவும் சொல்லிக்கொடுத்தாள். செய்தால் இதமாகத்தான் இருந்தது.

"ஆனா அக்கா, நாற்காலிய மாத்தாம இதை மட்டும் செஞ்சு பிரயோஜனமில்ல. இப்படியே விட்டா இருக்கிற அசைவும் போயிரும்."

அக்கா மேனேஜரிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார். மறுபடி கேட்டாள். பார்க்கலாம்மா என்றார். நாற்காலி வரவில்லை, அந்தப் பயிற்சிகளைக் காட்டும் போஸ்டர் வந்தது. 'வலியில்லா வேலை' என்று தலைப்பு. பில் பிரிவில் பயிற்சி தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அவளையே படம் எடுத்தார்கள். கடைசிப் படத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். வலது கை காதோடு நின்றுவிட்டது.

"இடது கையையும் அங்கயே இறக்கிக்கங்க மேடம். ரெண்டும் ஒரே உயரத்துல இருந்தாதான் அழகு. சிரிங்க," என்றான் படமெடுப்பவன்.

சிரித்து வைத்தாள். திருடனிடம் மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது படம். அதைப் பார்த்து, கை நன்றாக இருந்தவர்களெல்லாம் தினமும் காதுவரை தூக்கிப் பாதியில் நிறுத்தினார்கள். ஏன் என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே! போஸ்டரில் வந்துவிட்டால் வேதவாக்கு.

மூன்றாம் முறை நாற்காலி கேட்டபோது மேனேஜர் சுவரில் இருந்த போஸ்டரைக் காட்டினார். "உங்களுக்கு வலின்னா யாரும்மா நம்புவாங்க? சிரிச்சுக்கிட்டே கையத் தூக்கியிருக்கீங்களே!"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வலி அவளுடையது, முகம் அவளுடையது. அவள் முகத்தையே சுவரில் ஒட்டி, அவள் வலியைப் பொய்யாக்கிவிட்டார்கள். இதைவிடப் பச்சை அநியாயம் உண்டா?

கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், படத்தில் கை நேராக இல்லை, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். உடைந்த நாற்காலி படத்தில் எடுபடாது என்று மேனேஜர் தன் அறை நாற்காலியையே உருட்டிவரச் சொன்னார். அந்தப் பெண் பிடியை இழுத்ததும் அது சத்தமில்லாமல் உயர்ந்தது. படத்துக்கு ஒரு நிமிஷத்தில் கிடைக்கிற நாற்காலி, வேலை செய்கிறவளுக்குக் கிடைக்கவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் அக்கா அந்த நாற்காலியைத் தன் மேசைக்கு உருட்டிக்கொண்டு போனாள். உயர்த்தி உட்கார்ந்தாள். முழங்கை மேசைக்குச் சமமாக வந்து நின்றது. தட்ட ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது? போட்டோவுக்காக எடுத்தது. அது என் நாற்காலி!" என்று மேனேஜர் ஓடிவந்தார்.

"தெரியும் சார். கேக்காம உக்காந்துட்டேன்னு மேலிடத்துக்கு எழுதுங்க. எதுக்கு உக்காந்தேன்னு கேப்பாங்க. அதையும் மறைக்காம எழுதுங்க."

பிரிவில் எல்லாரும் தட்டுவதை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். அவள் எழுந்திருக்கவில்லை.