நான் இருக்காத விரதம்

எங்கள் சமையலறையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. பிள்ளைக்கு வாங்கியது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்கு வாங்கியது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். நேற்று அதன் மரச்சட்டம் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. “தூக்கிப் போட்டுரு, வேற வாங்கிக்கிருவோம்” என்றார். அவருக்கு அது தீர்ந்துபோன சாமான்களை எழுதி வைக்கிற பலகை. எனக்கு அதை அப்படிச் சுலபமாகத் தூக்கிப் போட முடியவில்லை.

அந்த வருஷம் நான் கானாடுகாத்தானில், பழைய பெரிய வீடு ஒன்றை மாற்றிக் கட்டிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தேன். அவருக்குக் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. பட்டறைக்கு வருகிறவர்களிடம் பம்புசெட் என்ன ஆனது என்பதில் ஆரம்பித்து, மகள் கல்யாணம் எப்போது என்பது வரை விசாரிப்பார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவாரோ என்னவோ. நான் என்ன சொன்னாலும் “ம்”. போனில் கூப்பிட்டாலும் “ம்” என்று சொல்லி, நான் முடிப்பதற்குள் வைத்துவிடுவார். ஒருநாள் ஆத்திரத்தில், “இன்னைக்கு ஹோட்டலுக்கு ஒரு யானை வந்துச்சுங்க, ஏசி ரூம் இருக்கான்னு கேட்டுச்சு” என்றேன். “ம்” என்றபடி ரசம் ஊற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடிக்கிற மனுஷன் இல்லை, குடிக்கிற மனுஷன் இல்லை, ஒரு சுடுசொல் கிடையாது. பிறந்த ஊரான நெற்குப்பைக்குப் போய் அம்மாவிடம் என்னவென்று புகார் சொல்வது?

நான் பேசாமல் இருந்தால் இவர் எத்தனை நாளில் கண்டுபிடிப்பார் என்று பார்க்கத் தோன்றியது. ஒரு திங்கட்கிழமை நிறுத்தினேன். வேலையிடத்தில் வழக்கம்போல் பேசினேன், வீட்டுக்குள் ஒரு வார்த்தை இல்லை. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் வந்தவர் பையிலிருந்து ஒரு சிலேட்டும் குச்சிப் பெட்டியும் எடுத்து, அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேசாவிட்டால் போ, எழுதிக் காட்டு என்று கேலி செய்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் முழுக்க அதைத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, என்ன வந்ததோ, குச்சியை எடுத்து, “என்னைப் பிடிக்கலையா உங்களுக்கு?” என்று எழுதி வைத்துவிட்டுப் போனேன். நாள் முழுக்கக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்தால், சிலேட்டை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தார். படித்துவிட்டுத் துடைத்தாரா, பார்க்காமலே துடைத்தாரா என்று தெரியவில்லை. எதுவாயிருந்தாலும் இனி இந்த வீட்டில் எனக்கு வேலையில்லை என்றுதான் பட்டது.

அடுத்த செவ்வாய் எனக்கு விடுமுறை. நெற்குப்பைக்குக் கிளம்பிப் பையோடு வாசலுக்கு வந்தேன். பால்காரம்மா கேனோடு நின்றிருந்தார். “ஏத்தா, விரதம் முடிஞ்சிருச்சா? வீட்ல மௌன விரதம் இருக்காக, வாசல்ல நின்னு கத்தாதீகன்னு ஒங்க வீட்டுக்காரரு சொன்னாக. ஒரு வாரமா வாயத் தெறக்காமத்தான் பால் ஊத்திட்டுப் போறேன்” என்றார்.

பையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் முற்றத்தில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

“விரதம்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?”

நிமிர்ந்து பார்த்தார். “நீதான் பேசாம இருந்தியே.”

“ரிசப்ஷன்ல ஒக்காந்து பேசுறவ மௌன விரதம் இருக்க முடியுமாங்க?”

கொஞ்சம் யோசித்தார். “வீட்டுக்குள்ள மட்டும்னு நெனச்சேன்.”

“ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ பதில் சொல்லணும். சொன்னா விரதம் கெட்டுரும்ல?”

“சிலேட்ல நான் எழுதுனதப் படிச்சீகளா?”

அவர் பார்வை செயின் பக்கம் போய்விட்டது. “நீ எழுத எடம் வேணும்ல, அதான் தொடச்சு வச்சேன்” என்றார். பையை உள்ளே எடுத்து வைத்தேன். சமாதானமாகி இல்லை, குழம்பிப்போய். எனக்காகப் பால்காரம்மாவின் வாயைக் கட்டத் தெரிந்தவருக்கு, என்னிடம் ஏன் என்று கேட்கத் தெரியவில்லை. இதை அக்கறை என்பதா, தப்பித்துக்கொள்ளும் வழி என்பதா? என் பேச்சு இல்லாத எட்டு நாளும் அவருக்கு நிம்மதியாக இருந்ததோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அதன்பிறகு நான் மாறிக்கொண்டேன். முக்கியமான விஷயமென்றால் டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொல்வேன். மற்றதையெல்லாம் கூட வேலை பார்க்கும் தோழியிடம் சொல்லிவிடுவேன். அவர் அப்படியேதான் இருக்கிறார். அந்த ஒரு கேள்வியை மட்டும் மறுபடி கேட்காமலே ஏழெட்டு வருஷம் போய்விட்டது. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

நேற்று அவர் தூக்கிப் போடச் சொன்ன பிறகு, சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன்: “அன்னைக்கு எழுதுனதப் படிச்சீகளா?” இன்று காலை அவர் பட்டறைக்குப் போன பிறகு பார்த்தேன். சட்டத்தில் சிறு ஆணி அடித்திருந்தார். என் எழுத்துக்குக் கீழே, அவருடைய கோணல் எழுத்தில் இரண்டே வார்த்தை. “படிச்சேன். பயந்துட்டேன்.”

எதற்குப் பயம்? நான் போய்விடுவேன் என்றா, பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றா? நின்று நின்று பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. தயிர் தீர்ந்திருந்தது. எழுதுவதற்காகத் துணியை நனைத்தேன், துடைக்க மனம் வரவில்லை. போனில் கூப்பிட்டு, “வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க” என்றேன்.

“ம்” என்றார்.

வழக்கமாக அதோடு வைத்துவிடுவார். இன்று வைக்கவில்லை. பட்டறையில் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கையில் சிலேட்டோடு நானும் வைக்காமல் நின்றேன்.