கனடா மொட்டை

என் தங்கை கல்யாணமாகிக் கனடாவுக்குப் போன புதிதில் எங்கள் வீட்டுக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. நான் மதுரை பழங்காநத்தத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். உடம்பெல்லாம் வார்னிஷ் வாடை. அப்படிப்பட்ட நானே, "தங்கச்சி கனடாவுல இருக்கு" என்று சொல்லும்போது மட்டும் சென்ட் அடித்தவன் மாதிரி நிமிர்ந்து நிற்பேன். அவள் முதல் லீவுக்கு வரும்போது எனக்கு என்னென்ன வாங்கிவர வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன். அதில் ஷூ மட்டும் இரண்டு ஜோடி.

நான் அனுப்புவதற்கு முன்னால் அவளுடைய பட்டியல் எனக்கு வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து யாரோ அங்கே போகிறார்களாம், அவர்கள் பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். பற்பசை, குக்கர் கேஸ்கெட் நான்கு, ஈரிழைத் துண்டு ஆறு, மாப்ளைக்கு, அதாவது அவள் வீட்டுக்காரருக்கு, ஜட்டி ஒரு டஜன்.

"ஏன் தாயி, அங்க ஜட்டி விக்கமாட்டானா?"

"விக்கிறான்ணே. அவன் சொல்ற வெலைக்கு வாங்குனா, பேன்ட்டுக்கு மேல போட்டு நாலு பேருக்குக் காட்டுனாத்தான் கட்டுபடியாகும்."

அதற்குப் பிறகுதான் கனடா எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. அவர்கள் குடியிருந்தது இன்னொருவர் வீட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே. ஜன்னல் உண்டு, அதில் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். வாடகையைச் சொன்னாள். கோச்சடையில் காற்றோட்டமான மாடி வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்ட என் அம்மா, "அம்புட்டுக் காசு குடுத்ததுக்கு மேல வந்து இருக்கக் கூடாதாடி?" என்றாள். தங்கை அன்றைக்குச் சீக்கிரமே போனை வைத்துவிட்டாள்.

கடையில் ஒட்டியிருக்கும் விலையெல்லாம் சும்மா பேச்சுக்குத்தானாம். கல்லாவுக்குப் போனதும் வரி தனியாக ஏறுமாம். ஓட்டலில் சாப்பிட்டால், பரிமாறினவருக்கு எத்தனை சதவீதம் சேர்த்துத் தருகிறாய் என்று கார்டு தேய்க்கும் மெஷினே கேட்குமாம், அதுவும் அந்த ஆள் எதிரே நிற்கும்போதே. இங்கே கத்தரிக்காய் வாங்கினால் சும்மா பிய்த்துப் போடுகிற மல்லித்தழைக்கு அங்கே காசு. பனி பெய்தால் அதை அள்ளிக் கொட்ட மண்வாரி மாதிரி ஒரு ஷவல் வாங்க வேண்டும், அதற்கும் காசு. வானத்திலிருந்து விழுகிறதுக்குமா செலவு என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

எல்லாவற்றையும்விட மாப்ளையை உட்கார வைத்தது முடிவெட்டுதான். முதல் தடவை வெட்டிக்கொண்டு வந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து நம்மூர்க் காசுக்கு இரண்டாயிரம். அன்றைக்கே ஒரு முடிவெட்டும் மெஷினை வாங்கித் தங்கை கையில் கொடுத்துவிட்டார். கோழிக்குக்கூட இறகு பிடுங்கத் தெரியாதவள் அவள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்த மாப்ள தொப்பியைக் கழற்றவே இல்லை.

"என்ன மாப்ள, வீட்டுக்குள்ள தொப்பி?"

"குளுரு மச்சான்" என்றார். பின்னால் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வீட்டில்தான் என் மருமகன் பிறந்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் முடியை நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாது. தகப்பன் வழிக் குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட வேண்டும். அதுவும் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில். அதுவரை தலையில் கத்தி, கத்தரி எதுவும் படக்கூடாது. தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருத்தன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகிற அறிகுறியும் இல்லை. ஆகவே மடி காலியாகத்தான் இருந்தது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் தோதாக ஒரு குட்டிப் பட்டு வேட்டியும் சட்டையும் வாங்கிப் பீரோவில் வைத்தேன்.

மாப்ளையின் அப்பா திருவாதவூரில் விவசாயம் பார்க்கிறவர். பேரன் பிறந்த சேதி கேட்ட கையோடு ஒரு கிடாக்குட்டியைக் குலசாமிக்கு நேர்ந்துவிட்டார். மொட்டையன்றைக்கு வெட்டுவதாக ஏற்பாடு.

முதல் வருடம் அவர்கள் வரவில்லை. இரண்டு வயதுவரை பிள்ளை மடியில் உட்கார்ந்து வந்தால் விமானத்தில் டிக்கெட் ஏறக்குறைய சும்மா. ஆனால் அந்தச் சமயம் பார்த்து மாப்ளைக்கு வேலை போயிற்று. இரண்டு முடிந்ததும் பிள்ளைக்கும் தனி சீட். டிக்கெட்டுக்கென்று எடுத்து வைத்த காசை ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று வந்து தின்றது. ஒரு தடவை மாப்ளையின் கடைவாய்ப்பல். ஒரு தடவை குளிர்காலத்துக்கென்றே காருக்குத் தனியாக மாட்டுகிற டயர். கோடைக்கு ஒரு டயர், குளிருக்கு ஒரு டயர் என்று காருக்குச் சட்டை மாற்றுகிற ஊரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

பிள்ளைக்கு முடி தோளைத் தாண்டியது. கடையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "அழகான பொண்ணு" என்றார்களாம். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், தங்கையும் நன்றி சொல்லிவிட்டு வர ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் திருவாதவூரில் கிடாவும் வளர்ந்தது. சாமி ஆடு என்பதால் யாரும் அடிக்க முடியாது. ஊரார் கடலைக்கொல்லையில் மேய்ந்து கன்றுக்குட்டி உயரத்துக்கு வந்துவிட்டது. விமானக் கட்டணத்தால் உயிர் பிழைத்த ஆடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வெளியில் எல்லாரோடும் சேர்ந்து கேலி பேசினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு வருத்தம்தான். பிள்ளையை நான் தொட்டதே இல்லை. போனில் "மாமா" என்பான், உடனே தன் பொம்மை லாரியைக் காட்டுவான், அப்புறம் ஓடிவிடுவான். பீரோவில் இருந்த பட்டுச் சட்டை பத்தாமல் போய், மூன்று வயதுக்கு இன்னொன்று வாங்கி அதன் மேலேயே வைத்தேன். அதற்கும் நாள் நெருங்கிவிட்டது. மூன்று முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. விட்டால் ஐந்து. ஐந்து வயதுக்காரன் முகம் தெரியாத மாமன் மடியில் எதற்கு உட்காரப் போகிறான்?

அப்போதுதான் பேன் வந்தது.

பிள்ளையைப் பகலில் விடுகிற டே கேரில் ஏதோ ஒரு குழந்தைக்குப் பேன், அதிலிருந்து இவனுக்கு. சுத்தமாகப் போகிறவரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகாத நாளுக்கும் பணம் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தங்கை வீட்டில் இருந்தால் அவளுக்குச் சம்பளம் கிடையாது. பேன் எடுக்கிறதுக்கென்றே அங்கே கடை இருக்கிறதாம், மணிக்கணக்கில் காசாம். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"வெட்டி விட்ரவாண்ணே? எனக்கு வேற வழி தெரியல."

வெட்டு என்று சொன்னால் என் மடி போயிற்று. வேண்டாம் என்று சொன்னால் அவள் சம்பளம் போயிற்று. மாப்ளையின் அப்பாவோ ஒரே பிடியாக நின்றார்.

"மாமன் மடி இல்லாமக் கத்தி வச்சா அதுக்குப் பேரு மொட்டை இல்ல, செரைக்கிறது."

கடைசியில் குலசாமி கோயில் பூசாரியிடம் போய் நின்றோம். விவரத்தைக் கேட்டுவிட்டு, "போன்ல மடி தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்பறம் என்ன? அந்தப் போனு மேல பிள்ளைய உக்கார வையி. கிடா மட்டும் நேர்ல வந்தப்பறம். போன்ல கறி திங்க முடியாது." மாப்ளையின் அப்பா வானத்தைப் பார்த்தார். சரி என்றுதான் அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சாமி முன்னால் வைத்து எடுக்கலாம் என்று பீரோவில் இருந்த சட்டை இரண்டையும் மடித்து எடுத்துக்கொண்டு திருவாதவூருக்குப் போனேன். அங்கே அவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம். கோயில் வயலுக்கு நடுவில். சன்னதிக்கு முன்னால் சிக்னல் துளியும் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து, கடைசியில் பம்புசெட் ரூம் வாசலில் இரண்டு கோடு வந்தது.

"சாமிக்கு முன்னாடி உக்கார வேணாமா?" என்று கேட்டேன்.

"சாமி எங்கிட்டும் இருக்கும்ப்பா. டவரு இங்கிட்டு மட்டும்தான இருக்கு. உக்காரு" என்றார் பூசாரி.

புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் மடி தெரிகிற மாதிரி போனை ஒரு தேங்காயில் சாய்த்து வைத்தார்கள். கிடா வந்து என் மாலையைத் தின்னத் தொடங்கியது. அங்கே தங்கை ஸ்டூல் மேல் தலையணை போட்டு, அதன்மேல் போனை மல்லாக்க வைத்தாள். திரையில் அவர்கள் வீட்டு விட்டம் தெரிந்தது. பிறகு ஒரு நீல டவுசர் மேலிருந்து இறங்கி வந்தது. என் மருமகனை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் பின்பக்கம் திரையில் பட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை, நான் அனுப்பிய ஈரிழைத் துண்டு ஒன்றைப் போன்மேல் போர்த்திவிட்டு உட்கார வைத்தாள். திரை இருட்டாயிற்று, ஆனால் லைன் நின்றது. பூசாரி மணி அடித்தார். அந்தப் பக்கம் மெஷின் உர்ரென்று ஓட ஆரம்பித்தது. பிள்ளை சிணுங்கினான். "ஆடாதடா, மாமா மடியிலதான உக்காந்திருக்க? ஆடக் கூடாது" என்று தங்கை சொல்வது கேட்டது.

இருபது நிமிடம் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. இது என்ன கூத்து என்று நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளை நடுவில் பெரிதாக அழுதபோது பதறிப்போனேன். அதற்கப்புறம் எப்போது என்று தெரியவில்லை, குனிந்து பார்த்தால் என் இரண்டு கையும் மடிக்கு மேல் வெறும் காற்றை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. எதிரில் பூசாரியும் மாப்ளையின் அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேலி பேச அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது, ஆனால் ஒருத்தரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.

மெஷின் நின்றது. துண்டு விலகித் திரையில் வெளிச்சம் வந்தது. உருண்டையான மொட்டைத் தலை, சந்தனம், கன்னத்தில் ஒட்டிய முடி, மூக்கு ஒழுக ஒரு முகம். அச்சு அசல் என் தங்கையின் சின்ன வயசு முகம்.

"மாமாட்ட சொல்லுடா, மடி எப்பிடி இருந்துச்சு?" என்றாள்.

அவன் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தான்.

"மாமா மடி சூடா இருந்துச்சு."

தங்கை சிரித்துக்கொண்டே, "அது ஒண்ணுமில்லண்ணே, போனு ரொம்ப நேரம் ஓடுனா..." என்று ஆரம்பித்தாள். பதினைந்து வருடமாக மோட்டார் கட்டுகிறவன் நான். எது ஓடினால் எது சூடாகும் என்று எனக்குத் தெரியாதா?

"நீ செத்த பேசாம இரு தாயி" என்றேன்.