தோல் சீட்டில் நெல் தடம்

வலங்கைமானில் எனக்குக் குஷன் கடை. கார் சீட்டு, ஆட்டோ சீட்டு, பைக் சீட்டு தைப்பேன். படிப்பு அதிகம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அரிசிக் கடை பாய் வீட்டில் ஒரு பழைய திறந்த கார் இருக்கிறது. வெளிநாட்டு வண்டி. துணிக் கூரை, வேண்டாமென்றால் பின்னால் மடக்கிக்கொள்ளலாம். அவருடைய தகப்பனார், அத்தா, வாங்கியது. இப்போது அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. பாய்தான் அண்ணன். தம்பி துபாயில் இருந்துவிட்டு வந்தவர். வண்டியைக் கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்றார். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் என்றால் எங்கள் பக்கம் அவ்வளவு கிராக்கி. பழைய தோலைப் பிய்த்துவிட்டுச் சிவப்பு ரெக்சின் போட வேண்டும், ஓரமெல்லாம் லைட்டு எரிய வேண்டும். ரெக்சினையே வாங்கிவந்து சுருளாக என் கடையில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் முடியாது என்றார். வீட்டில் பேச்சு முற்றியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தஞ்சாவூரில் பழைய கார் கண்காட்சி. அங்கே உள்வேலை எல்லாம் வண்டி வந்த நாளில் இருந்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தனி வரிசையில் நிறுத்துவார்கள். அந்த வரிசையில் நின்றுவிட்டால் தோலைத் தம்பி தொடக்கூடாது. நிற்காவிட்டால் சிவப்பு ரெக்சின்.

எனக்கு இரண்டிலும் வேலைதான். ரெக்சின் என்றால் வேலை கூடுதல்.

அண்ணன் என்னிடம்தான் வண்டியை விட்டார். காபிக் கொட்டை நிறத்துத் தோல். நல்ல தோல், நூல்தான் இற்றுப்போயிருந்தது. மெஷினில் விட்டால் புது ஓட்டை விழும். பழைய ஓட்டையும் புது ஓட்டையும் சேர்ந்தால் தபால் தலை மாதிரி கிழிந்து வந்துவிடும். அதனால் கையால் தைத்தேன். பழைய ஓட்டையிலேயே ஊசி போக வேண்டும். உள்ளே அடைத்திருந்தது குதிரை முடி. அதைத் தொடவில்லை. நனைந்தால் நாறும், லேசில் காயாது.

மேல் கூரை மட்டும் நடுவில் எவரோ மாற்றிப் போட்ட துணி.

"அது ஒரிஜினல் இல்ல. கழட்டிருங்க. அத பாத்துட்டு உள்ளயும் இப்படித்தான்னு நெனச்சிருவாங்க" என்றார் அண்ணன்.

"மழை வந்தா?"

"மாசில ஏதுங்க மழை?"

கழற்றிவிட்டேன்.

கண்காட்சி அன்று காலையில் கிளம்பினோம். அண்ணன் ஓட்டினார். நான் பக்கத்தில். தம்பி பின்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாபநாசம் தாண்டும்போது கிழக்கே கறுத்துவிட்டது. பின்னாலிருந்து முந்திய பைக்காரன் நனைந்திருந்தான்.

"அண்ணே, மழையே சொல்லிருச்சு. ரெக்சின்னா தொடச்சு விட்டுப் போயிட்டே இருக்கலாம்" என்றார் தம்பி.

அண்ணன் வேகத்தைக் கூட்டினார். எனக்குக் கழுத்தில் ஒரு துளி விழுந்தது.

சாலையோரம் நெல் கொள்முதல் நிலையம். வண்டியை உள்ளே திருப்பினார். களமெல்லாம் நெல் குவியல். ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கொட்டகையில் தூண் வரைக்கும் மூட்டை. கார் நுழைய வழியில்லை.

ஒரு குவியலை மூட ஒரே ஒரு அம்மாதான். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. அண்ணன் அவரிடம் போய் நின்றார்.

"ஒரு படுதா கெடைக்குமாம்மா? காரு நனையுது."

"காருக்குப் படுதாவா? என் நெல்லு நனையுது பாய்! கூரை இல்லாத வண்டிய எதுக்கு வெளிய எடுத்தீங்க?"

தம்பி சிரித்தார். பிறகு காரை ஒரு தரம் பார்த்தார். மழை வந்தால் அவருக்கு லாபம். சும்மா நின்றிருந்தாலே போதும். எனக்கும் அது தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

தம்பி இறங்கிப் போய்த் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தார்.

"சீட்ட கழட்டுங்கண்ணே! பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

ஸ்பேனர் மடியில்தான் இருந்தது. முன் சீட்டு இரண்டையும் கழற்றினேன். பின் சீட்டு தூக்கினால் வந்துவிடும். கதவு உள்பக்கத்துத் தோல் தட்டியில் ஒன்றை மரச் சில்லால் நெம்பி எடுத்தேன். இன்னொன்றில் கிளிப்பு துரு. நெம்பினால் தோல் கிழியும். விட்டுவிட்டேன். அண்ணன் வண்டியில் கிடந்த குடையை விரித்துக்கொண்டு சீட்டு இல்லாத தரையில் குந்தினார். மர டேஷ்போர்டில் தன் துண்டையும் நான் கழற்றிக் கொடுத்த சட்டையையும் போர்த்தி, முதுகைத் தட்டி கழற்றாத கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"எங்க வைக்கிறது?" என்றேன்.

அந்த அம்மா தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். "இங்க தள்ளுங்க. சீக்கிரம். நெல்ல மிதிக்காதீங்க."

கடையில் தைத்து முடித்த சீட்டை முகம் கீழே இருக்கும்படித்தான் வைப்போம். கை அப்படியே வைத்துவிட்டது. நெல்மேல் தோல், தோல்மேல் தார்ப்பாய். அப்போது மழை கொட்டியது. காற்று மறுபடி தூக்கப் பார்த்தது. தம்பி ஏறி உட்கார்ந்தார். அந்த அம்மாவும் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மூவரும் தலையிலிருந்து கால்வரை நனைந்தோம். தம்பி துபாயில் இருந்தவர் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"துபாய்ல இந்த மாதிரி உக்காந்திருக்கீங்களா தம்பி?" என்றார் அந்த அம்மா.

"அங்க மழைக்கே விசா கெடைக்காதும்மா" என்றார்.

காருக்குள் குடை அசையவே இல்லை.

மழை விட்டது. தார்ப்பாயை விலக்கினோம். நெல் காய்ந்தபடியே இருந்தது. அந்த அம்மா முதலில் அதைத்தான் கை விட்டுப் பார்த்தார். நான் சீட்டைத் திருப்பினேன். தோல் நனையவில்லை. ஆனால் முழுக்க நெல் தடம். ஒவ்வொரு மணியும் பதிந்திருந்தது. தையல் பள்ளத்தில் நெல் சிக்கியிருந்தது.

அண்ணன் விரலால் தடவினார்.

"போகுமா?"

"இன்னிக்குப் போகாதுங்க."

திரும்ப மாட்டினேன். தஞ்சாவூர் வரை தம்பி நெல் சுணை அரித்துக் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தார்.

கண்காட்சியில் பார்வையிட ஒரு பெரியவர் வந்தார். கையில் சின்ன டார்ச். டேஷ்போர்டு பார்த்தார். கதவு தட்டிகளைத் தட்டிப் பார்த்தார். சீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னங்க, அம்மை போட்ட மாதிரி? புதுசா டிசைன் தோல் போட்டீங்களா?"

அண்ணன் தடத்தை விரலால் தேய்க்கப் பார்த்தார். நான் பேசினால் தைத்தவன் பேசுகிறான் என்பார். தம்பியைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது.

"நெல்லுங்க" என்றார் தம்பி.

"என்னது?"

"வழியில மழை. நெல்லுக் குவியல்ல கவுத்து வச்சு மேல உக்காந்துட்டோம். நானும்தான் உக்காந்தேன். பாருங்க." சட்டைக் காலரை இழுத்துக் காட்டினார். கழுத்து தடித்துச் சிவந்திருந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. சீட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அடிப்பக்கம் டார்ச் அடித்தார். முடியை விரலால் இழுத்து முகர்ந்தார். தையலை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"நூல் புதுசு."

"ஆமாங்க. நான் போட்டது."

"ஓட்டை?"

"பழசுங்க."

ஒரு நெல்லை நகத்தால் நெம்பி எடுத்து டேஷ்போர்டில் வைத்தார்.

"தோல மாத்தல. அந்த வரிசைல விடுங்க."

சீட்டைத் திரும்ப மாட்டினேன். அண்ணன் ஏறி வண்டியை நகர்த்தினார். தம்பி முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினார்.

திரும்பும்போது தம்பி என்னிடம் கேட்டார். "அந்த ரெக்சின என்ன பண்றதுண்ணே?"

"உங்க கடை லோடு ஆட்டோ சீட்டு கிழிஞ்சு கெடக்கு" என்றேன்.

"சரி, அதுக்குப் போட்டுருங்க."

மறுநாள் தைத்துக் கொடுத்தேன். மெஷினில்தான்.