நடுவுல ஆள் எதுக்கு?

"உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் படியேறுகிறார். கைபேசி இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே. இடுப்பில் தொங்கும் மூன்று மூலைச் சாவி தொடையில் அடிக்காதபடி வலது கை அதைப் பிடித்திருக்கிறது. நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர், ஒருவர் அழுகிறார். "கதவைத் தொடாதீங்க. ரெண்டு பேரும் தரையில உக்காருங்க. முதுகு சுவத்துல சாஞ்சிருக்கட்டும், கை மடியில இருக்கட்டும். நான் ரெண்டாவது மாடியில இருக்கேன். இப்போ மூணாவது." கடக்கிற ஒவ்வொரு மாடியையும் சொல்லிக்கொண்டே போவார். 'ஒண்ணும் ஆகாது' என்று மட்டும் சொல்ல மாட்டார். கண்ணால் பார்க்காத லிப்டைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வராது.

லிப்ட் பழுதுபார்க்கும் வேலையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். படித்துக் கற்றதில்லை, பக்கத்தில் நின்று கற்றது. மொட்டை மாடி அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை விரல் விரலாக நகர்த்த வேண்டும். கயிற்றில் பூசியிருக்கும் மஞ்சள் கோடு மோட்டார் சட்டத்தின் குறிக்கு நேராக வந்தால் பெட்டி தரையோடு சமம். அந்த நேரம் பார்த்து உள்ளே இருப்பவர் பொறுமை இழந்து கதவைப் பிளந்து ஒரு காலை வெளியே வைத்தால் அவ்வளவுதான். "ஒரே பெட்டிய ரெண்டு பேர் ரெண்டு பக்கம் அசைக்கக் கூடாது" என்பார். அதன் பிறகு கீழே ஓடிவந்து சாவி போட்டுக் கதவைத் திறந்து, விளிம்பைச் செருப்பு நுனியால் தடவிப் பார்த்து, சமம்தான் என்று தெரிந்த பிறகே கையை நீட்டுவார். மேடு பள்ளம் இருந்தால் எத்தனை கெஞ்சினாலும் நீட்ட மாட்டார்.

கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்ப்பதில்லை. அவர் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஏன் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "என் மூஞ்சில என்ன ஒட்டியிருக்குன்னு நானும் கண்ணாடியில பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

ஆட்களை அவர் பெயரால் நினைவு வைத்துக்கொள்வதில்லை, மாடியால்தான். 'ஆறாவது மாடி டீச்சர்', 'ரெண்டாவது மாடி இருமல்'. சட்டைப் பையில் பஞ்சுக் கழிவு ஒரு பிடி எப்போதும் இருக்கும். கை சுத்தமாக இருந்தாலும் யோசிக்கும்போது எடுத்துத் துடைத்துக்கொள்வார். அச்சடித்த காகிதம் எதைக் கொடுத்தாலும் பொடி எழுத்து உட்படக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்து. பின்னால் வரிசை நீண்டால் நீளட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிடிவாதம் உண்டு. எந்தக் காரியத்துக்கும் நடுவில் ஆள் வைத்துக்கொள்ள மாட்டார். மின்விசிறிக்குச் சின்ன உதிரி ஒன்று தேவைப்பட்டபோது, கடைக்காரன் எதற்கு என்று இரண்டு பஸ் மாறி அதைச் செய்கிற தொழிற்சாலைக்கே போனார். வாசல் காவலாளி விசாரித்துவிட்டு, சில்லறைக்குத் தருவதில்லை என்று ஒரு கடையின் முகவரியை எழுதிக் கொடுத்தார். அது அவர் குடியிருக்கும் தெருவின் முனைக் கடை. வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் அசைவதில்லை. "நேரா போனா நேரா பதில் கிடைக்கும். அன்னைக்கும் கிடைச்சுதே."

குடியிருக்கும் வீட்டையே வாங்க வேண்டி வந்தபோதுதான் அந்தப் பிடிவாதம் சோதனைக்கு வந்தது. முதல் மாடியில் இரண்டு அறை வீடு, வாடகைக்கு வந்து ஒன்பது வருஷம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். மழையில் பருத்து அடைத்துக்கொள்ளும் குளியலறைக் கதவை இழைத்து இழைத்துச் சரிசெய்தவர் அவர்தான். வாடகை வீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று மனைவி கேட்பாள். கதவுக்கு வாடகையும் சொந்தமும் தெரியாது என்பார். வீட்டுக்காரர் விற்கப் போவதாகச் சொல்லி, ஒன்பது வருஷப் பழக்கத்துக்காக ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார். அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு முடிகிறது. அதற்குள் கடனுக்கு வங்கியின் சம்மதக் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் இன்னொருவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார்.

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். பவர் கால் புள்ளி பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தீட்டுகிற கை. அவள் கடைக்கு வருகிற ஒரு அம்மாள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் வீட்டுக் கடன் வாங்கித் தரும் தொழில் செய்பவர். புரோக்கரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரிடம் விட்டுவிடலாம் என்று மனைவி முதல் நாளே சொன்னாள். பணம் கொடுக்கிறது வங்கி, வாங்குகிறது நாம், நடுவில் அந்த அம்மாளுக்கு என்ன வேலை என்று இவர் கேட்டார். மனைவி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"லிப்ட் நின்னுபோச்சுன்னா ஜனங்க உங்களை எதுக்குக் கூப்பிடறாங்க? அவங்களே கயித்தைப் புடிச்சு ஏறி வந்துடலாமே? நடுவுல நீங்க எதுக்கு?"

அவர் பஞ்சை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு வங்கிகளுக்கு நேராகவே போனார். முதல் வங்கியில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுத்தார்கள்; அவருடைய வருமானத்தில் பாதி, நேரம் காலம் இல்லாமல் வருகிற அவசர அழைப்புகளுக்குக் கிடைக்கிற படி. அது நிச்சயமில்லாத பணம் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது வங்கியில் ஒவ்வொரு வாரமும் ஒரு காகிதம் குறைந்தது. ஒவ்வொரு வங்கிக்கும் போய்வந்து மனைவியிடம் அவர் சொன்ன செய்தி, அங்கே லிப்ட் தரைக்கு அரை விரல் கீழே நிற்கிறது என்பதுதான். மூன்றாவது வங்கிக்குப் போனபோது அதுகூடச் சொல்லவில்லை. இரண்டு தடவை வெறுங்கையோடு வந்த மனுஷனுக்கு மூன்றாவதைச் சொல்ல வாய் எழவில்லை. விண்ணப்பத்தில் வருமானம் என்ற இடத்தில், எதற்கு வம்பு என்று, நிச்சயமான அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மனைவியும் ஒன்றை மறைத்தாள். நாள் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் வீட்டிலிருந்த காகிதங்களின் நகல்களைப் புரோக்கரம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் நிரப்பி அனுப்பிய விண்ணப்பத்தை இவருடைய காகிதக் கற்றைக்குள் செருகி வைத்தாள். சம்பளச் சான்றுக்கு மறு நகல் என்று நினைத்து, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வேறு எங்கெல்லாம் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள் என்று புரோக்கரம்மா கேட்டதற்கு இரண்டு இடம் என்று மனைவி சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவசரப் படியை இரண்டு வருஷச் சராசரி போட்டு ஏற்றுக்கொள்கிற வங்கி இந்த ஊரில் ஒன்றுதான் என்று புரோக்கரம்மா அங்கே அனுப்பினார். அதுதான் அந்த மூன்றாவது வங்கி.

கெடு முடிகிற வாரத்தின் திங்கட்கிழமை வங்கியிலிருந்து இவருக்கு அழைப்பு வந்தது. ஒரே ஆள், ஒரே வீடு, இரண்டு விண்ணப்பம், இரண்டு வருமானம். இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதன்கிழமைக்குள் ஒன்றை அவரே எழுதி வாபஸ் வாங்காவிட்டால் இரண்டும் திரும்பிவிடும்.

வீட்டில் சத்தம் எழவில்லை. அதற்குப் பதிலாகப் பேச்சு நின்றது. பள்ளி முடிக்கப்போகிற மகள் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. படிக்க விடாம கையெழுத்து வாங்கினது யாருன்னு உங்கம்மாகிட்ட கேளு. மூணாவது பேங்குக்குப் போனதை மறைச்சது யாருன்னு உங்கப்பாகிட்ட கேளு. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் மகள் புத்தகத்தை மூடிவிட்டு இருவரையும் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் புரோக்கரா? சரி, கமிஷன் யார் குடுப்பீங்க?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ள எழுந்து உள்ளே போனாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் புதன்கிழமை காலை வேலை உடையிலேயே புரோக்கரம்மாவின் அலுவலகத்துக்குப் போய் நின்றார். மனைவி பின்னால் வந்தாள்.

ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கோப்புகள். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பது. வங்கிதான் என்றார் புரோக்கரம்மா.

"அப்போ நீங்க யாரோட ஆளு?"

மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். புரோக்கரம்மா கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். எந்த வங்கி அவருக்கு எவ்வளவு கமிஷன் தருகிறது என்ற பட்டியல், அதிகம் தருவது மேலே, குறைவாகத் தருவது கீழே. அவர் மேலிருந்து கீழாகப் பொடி எழுத்து வரை படித்தார். இவர்களுக்காகத் தேர்ந்த வங்கி கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. அவர் மறுபடியும் ஒரு முறை மேலிருந்து படித்தார்.

அப்புறம் புரோக்கரம்மா காரியத்தைச் சொன்னார். இவர் நேராகப் போய்க் கொடுத்த விண்ணப்பம் முன்னால் போனது, கிளையில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வருமானத்துக்குத் தேவையான தொகையில் முக்கால்வாசிதான் வரும், மீதிக்கு வழியில்லை. புரோக்கரம்மாவுடையதில் முழுத் தொகையும் வரும். ஆனால் பின்னால் போனது, வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று தெரியாது. முடியுமா என்று மனைவி கேட்டாள்.

"முடிஞ்சிடும்னு நான் சொல்ல மாட்டேன்மா. நான் தினம் ரெண்டு வேளை அங்க பேசறேன். எந்த மேசையில நிக்குதுன்னு உங்களுக்குச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அது வரைக்கும் சார் எந்த பேங்குக்கும் போன் பண்ணக் கூடாது, போய் நிக்கக் கூடாது. நான் ஒரு பக்கம் நகத்தறப்போ நீங்க ஒரு பக்கம் கையை வெச்சா மறுபடியும் நின்னுடும்."

அவர் வெகுநேரம் பஞ்சால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேனாவை வாங்கி வாபஸ் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார். தன்னுடைய விண்ணப்பத்தின் எண்ணைப் போட்டார். எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தார்.

புதன் மாலை, கோப்பு கிளையைத் தாண்டிவிட்டது என்று தகவல். வியாழன் மதியம், மதிப்பீட்டு மேசை. வியாழன் மாலை தகவல் இல்லை. மொட்டை மாடி அறை ஒன்றில் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், கிளை அதிகாரியின் எண்ணை எடுத்து அழுத்தி, மணி அடிக்கும் முன் துண்டித்தார். மூன்று தடவை. வீட்டுக்கு வந்ததும் கைபேசியை மனைவி முன்னால் வைத்தார். "இது உங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு லீவு சொல்லிட்டேன்." திங்கட்கிழமைக்குப் பிறகு அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, முதல் ஞாயிறு இல்லாவிட்டாலும் எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டார். குளியலறைக் கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தார். மதியம் இரண்டு மணிக்குப் புரோக்கரம்மா அழைத்து, கடைசி மேசையில் இருக்கிறது, ஒரு கையெழுத்து பாக்கி என்றார். அந்தக் கையெழுத்துக்காரர் மதிய உணவுக்குப் போயிருக்கிறார். மூன்று மணிக்கு வீட்டுக்காரர் அழைத்து, நாலுக்கு வருகிறேன், கூட ஒருவர் வருவார், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். மனைவி சரிங்க என்று மட்டும் சொன்னாள்.

அவர் வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். வங்கி பஸ்ஸில் இருபது நிமிஷம். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் செருப்பைக் கழற்றினார். நாற்காலி இருக்க, கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் சுவர்க் கடிகாரம் தெரியாது. நொடிகளை அவர் மனதுக்குள் எண்ணுவதை உதடு காட்டிக்கொடுத்தது.

கைபேசி அடித்தபோது நாலாக இன்னும் பன்னிரண்டு நிமிஷம். மனைவி எடுத்தாள். சொல்லுங்கம்மா என்றாள். அப்புறம் வெறும் ம், இன்னொரு ம். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று நெடுநேரம் கேட்டாள். முழுத் தொகையும்தானே என்று இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

அவர் கைபேசியைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. அவள் திரும்பியதும் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, அவள் குனிந்து கையை நீட்டினாள்.